வாசற்குளமும் வீட்டுக்காரன் பொறுப்பும்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் நடைபெற்ற சங்கக் கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நான் சம்பளத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இன்று குளத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "கிராணிக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா?" என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான். சிரித்த வாய் ஒரு நாள் அடைத்துப் போயிற்று. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முன்பு நான் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். குற்றம் தோட்டத்துடையது அன்று, என்னுடையது. அங்கே எனக்குக் கொடுத்த வீடு லயத்துக்கு மேலே, சரிவில் இருந்தது. வாசலில் கொஞ்சம் பூச்செடி. அதன் நடுவே என் கையாலேயே ஒரு குளம் வெட்டினேன். எட்டடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழம். உள்ளே சிமெண்டு பூசி, மீன் வாங்கி விட்டேன். மாலையில் பனி இறங்கும் நேரத்தில் நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஒரு சுகம்.

கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி ஒரு நாள் சொன்னாள்: "ஐயா, புள்ளைங்க மீனு பாக்க ஓடியாருதுங்க. சுத்தி ஒரு தட்டி அடைச்சா என்னங்க?" நான் சிரித்தேன். "மீன் பார்க்கத்தானே குளம்? தட்டி அடைத்தால் அழகு போய்விடாதா?" என்றேன். அவள் மேற்கொண்டு பேசவில்லை. கிராணியிடம் எவ்வளவு பேசலாம் என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கழிந்தது. ஒரு வேலை நாள், காலை பத்து மணி இருக்கும். ஆபீசில் இருந்த என்னை ஓடி வந்து கூப்பிட்டார்கள். அவளுடைய மூன்று வயதுப் பையன் என் குளத்தில் விழுந்துவிட்டான். அந்த வழியாக உரமூட்டை சுமந்து சென்ற வங்காளதேசத் தொழிலாளி ஒருவர், தண்ணீரில் மிதந்த ஒரு சின்னச் செருப்பைக் கண்டார். மூட்டையைப் போட்டுவிட்டு இறங்கித் தூக்கினார். பையன் பிழைத்தான். அந்த மனிதர் ஐந்து நிமிடம் பிந்தி வந்திருந்தால், இன்று நான் இந்த மேடையில் நின்றிருக்க மாட்டேன்.

தோழர்களே, அதன் பிறகு நான் செய்ததுதான் பெரிய வெட்கம். மலையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்த அந்தத் தாயைப் பார்த்து, "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டேன். அவள் அழவில்லை, கோபப்படவுமில்லை. "நான் எங்கிருந்தேன்னு ஐயாவுக்குத் தெரியாதுங்களா? காலையில பிரட்டுல எம்பேரை எழுதுனது நீங்கதானுங்களே" என்றாள்.

உண்மை. செக்ரோலில் அவள் பெயருக்கு நேரே குறி போட்டவன் நான். அவள் எந்த மலையில் நிற்கிறாள், எத்தனை மணிக்கு இறங்குவாள் என்பதெல்லாம் என் கைப்பட எழுதப்பட்டிருந்தது. பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை அந்தத் தோட்டத்தில் மூடிக்கிடந்தது என்பதும் எனக்குத் தெரியும். கண் மங்கிய பாட்டியிடம்தான் பிள்ளை விடப்பட்டிருந்தது என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தவன் நான். தட்டி அடைக்காதவனும் நான். "பொறுப்பு யாருடையது?" என்ற கேள்வி அன்று என்னைப் பிடித்தது. சட்டம் படித்த நண்பர்களைக் கேட்டேன், கிடைத்ததைப் படித்தேன். அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

நீர் வெளியே போனால்

குளத்தால் வரும் கேடு இரண்டு வகை. நீர் வெளியே போய்ப் பிறரைக் கெடுப்பது ஒன்று. பிறர் உள்ளே வந்து நீரில் கெடுவது மற்றொன்று. சட்டம் இவ்விரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது.

முதல் வகைக்கு உலகறிந்த வழக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற ஆலைக்காரர் தம் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டுவித்தார். அதன் அடியில் பழைய சுரங்கக் குழிகள் இருந்தன. 1860-ஆம் ஆண்டில் நீர் அவ்வழியே பாய்ந்து, பக்கத்திலிருந்த பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ஆலைக்காரர் தாமாக எந்தக் கவனக்குறைவும் செய்யவில்லை. வேலையைக் குத்தகைக்காரரிடம் விட்டிருந்தார். ஆயினும் 1868-இல் பிரபுக்கள் சபை அவரையே பொறுப்பாக்கியது. தன் காரியத்துக்காக, இயற்கையாக இல்லாத அளவுக்கு நீரைக் கொண்டுவந்து தேக்கியவன், அது தப்பிப்போய்ச் செய்யும் கேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆறு ஆண்டு கழித்து நம் மூதாதையர் நாட்டிலிருந்தே ஒரு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. அன்றைய வட ஆர்க்காட்டுச் சீமையில் கார்வேட்டிநகரம் என்றொரு சமீன். பெருமழையில் அந்தச் சமீனின் ஏரிகள் உடைந்து, சென்னை ரயில்வே கம்பெனியின் பாலங்களை அடித்துக்கொண்டு போயின. கம்பெனி நஷ்டஈடு கேட்டது. 1874-இல் பிரிவி கவுன்சில் கம்பெனியின் கோரிக்கையைத் தள்ளியது. ஏன்? அந்த ஏரிகள் சமீன்தார் தம் சுகத்துக்கு வெட்டியவை அல்ல. பல தலைமுறையாக ஊர்ப் பாசனத்துக்கு இருப்பவை. அவற்றைத் தூர்த்துவிடச் சமீன்தாருக்கு உரிமை கிடையாது. காப்பாற்றி வைப்பது அவர் கடமை. ஆகவே கவனக்குறைவு காட்டப்பட்டால்தான் அவர் பொறுப்பு என்றார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர் வாழ வைத்த ஏரிக்குச் சட்டம் சற்று இரங்கியது. தன் காரியத்துக்கு வைத்த நீருக்கு இரங்கவில்லை. என் மீன்குளம் எந்த வகை? அதனால் எந்த ஊர் வாழ்ந்தது? என் மாலை நேரச் சுகம் ஒன்றுதான் அதன் பயன்.

நம் மலையில் இந்தச் செய்திக்குத் தனிக் கனம் உண்டு. சமவெளியில் குளம் நிரம்பினால் பக்கத்து வீட்டுக்குப் போகும். இங்கே கீழ் வீட்டுக்குப் போகும். மலையில் ஒவ்வொருவருக்கும் கீழே இன்னொருவர் குடியிருக்கிறார். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடைமழையில் ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து இரவில் நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் நீரும் வீடுகளுக்குள் புகுந்தன. குறைந்தது மூன்று உயிர் போயிற்று. மேலே காடழித்த மண் அணைக்குள் வந்து படிந்ததும், கீழே ஆற்றோரம் நெருக்கி வீடு கட்டப்பட்டதும் கேட்டைப் பெருக்கின. அணையின் அளவு எங்கே, என் குளத்தின் அளவு எங்கே? ஆனால் கீழே தூங்குகிறவனுக்கு மேலே நீர் எவ்வளவு நிற்கிறது என்று தெரியாது. அது தெரிந்தவன் மேலே இருப்பவன். பொறுப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே, சரிவில் குளம் வைத்திருப்பவர் கரையில் வெடிப்பு உண்டா என்று மழைக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். நிரம்பிய நீர் போக ஒரு வடிகால் வேண்டும். அந்த வடிகால் லயத்து வாசலில் போய் முடியக் கூடாது. கறிகாய்த் தோட்டங்களில் பிளாஸ்டிக் விரித்து நீர் தேக்குகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

பிள்ளை உள்ளே வந்தால்

இனி இரண்டாம் வகை. "என் வேலிக்குள் அவனை யார் வரச் சொன்னது?" என்பதே நம்மில் பலர் கேட்கும் கேள்வி. பழைய சட்டமும் அப்படித்தான் கேட்டது. ஸ்காட்லாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் இயந்திரச் சக்கரத்தில் சிக்கி நான்கு வயதுப் பிள்ளை இறந்தது. பிள்ளைகள் அந்த வயல்வெளியில் விளையாடுவது கம்பெனிக்குத் தெரியும். சுற்றியிருந்த வேலி எதற்கும் உதவாத வேலி. ஆயினும் 1929-இல் பிரபுக்கள் சபை, அத்துமீறி வந்த பிள்ளைக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று தீர்த்தது.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மிதிபட்டுச் சாய்ந்திருந்த வேலியைக் கடந்து, மின்சார ரயில் பாதையில் விழுந்து கருகினான். வேலி சாய்ந்திருப்பது ரயில்வேக்குத் தெரிந்திருந்தது. 1972-இல் அதே பிரபுக்கள் சபை தன் பழைய கடுமையைக் கைவிட்டது. அத்துமீறி வந்தவனே ஆனாலும், பிள்ளை வரக்கூடும் என்று தெரிந்தும், ஆபத்து இன்னதென்று தெரிந்தும், சிறு செலவில் தடுக்க முடிந்தும் தடுக்காமல் இருப்பது மனிதத் தன்மை அன்று என்று சொல்லிற்று. சட்டம் மனிதனாவதற்கு நாற்பத்து மூன்று ஆண்டு பிடித்தது. எனக்குக் கொழுந்துப் பெண்ணின் ஒரு வார்த்தை போதுமாயிருந்திருக்க வேண்டும்.

நம் மலேசியாவில் இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்புக்கெனத் தனிச் சட்டம் ஒன்றும் இயற்றப்படவில்லை. 1956-ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தை இங்கே அடிப்படையாக வைத்தது. நம் நீதிமன்றங்கள் அதன்மேல் கட்டி வருகின்றன. 1956-க்குப் பின் அங்கே வந்த தீர்ப்புகள் நம்மைக் கட்டா; ஆனால் வழிகாட்டும்.

"வீடு கம்பெனியுடையது, நான் குடியிருப்பவன்தானே?" என்று கேட்கலாம். நானும் அந்தப் பொந்தில் ஒளியப் பார்த்தேன். 1966-இல் இங்கிலாந்தில் ஒரு மதுவிடுதி வழக்கு. இடம் மது ஆலைக்காரருடையது. மேல்மாடியில் குடியிருந்து நடத்தியவர் மேலாளர். விருந்தினர் ஒருவர் படியில் விழுந்து இறந்தார். அந்த வழக்கில் இருவருமே குற்றவாளிகளாகக் காணப்படவில்லை. ஆனால் ஓர் இடத்துக்கு ஒரே நேரத்தில் இருவர் பொறுப்பாளியாக இருக்க முடியும், யார் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அவர் பொறுப்பு என்று பிரபுக்கள் சபை தெளிவாக்கியது. அப்படியானால் குளம் வெட்டிய கிராணிக்கும் பங்குண்டு. வெட்டியதைப் பார்த்தும் பேசாதிருந்த நிர்வாகத்துக்கும் பங்குண்டு. ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப இடமில்லை.

எச்சரிக்கைப் பலகை வைத்தால் போதாதா? மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்த மொழியில் பலகை எழுதுவீர்கள்? பெரியவர்களிலும் தமிழர், வங்காளதேசத்தார், நேப்பாளத்தார், இந்தோனேசியர் என்று பலர் இந்த மலையில் உழைக்கிறோம். பலகை வைக்கலாம், வேலிக்குத் துணையாக வைக்கலாம்.

தாய் தகப்பனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. நீதிமன்றம் இரு தரப்பின் குறையையும் நிறுத்துப் பார்க்கும். ஆனால் தாயின் குறை வீட்டுக்காரனின் குறையைத் துடைத்துவிடாது.

பிள்ளை இறந்துபோனால் பெற்றோர் வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டு அவகாசம். மணமாகாத சிறுவரை இழந்த பெற்றோருக்கு மனத்துயருக்கென 10,000 வெள்ளி என்றிருந்ததை, 2019 செப்டம்பர் முதல் 30,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். இதை நான் விலையாகச் சொல்லவில்லை. எந்த நீதிமன்றமும் பிள்ளையைத் திருப்பித் தருவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். வேலிக்கு எனக்கு ஆன செலவு இதில் ஒரு சிறு மூலைக்கும் காணாது.

ஓய்வு பெற்று, தாமானில் சொந்த வீடு வாங்கியிருக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வங்கி கேட்டதற்காக எடுத்த தீக் காப்புறுதி மட்டும் இருந்தால், உங்கள் வாசலில் பிறருக்கு நேரும் விபத்துக்கு அது வராது. வீட்டுக்காரர் காப்புறுதிப் பத்திரங்களில் பிறருக்கு நேரும் கேட்டுக்கான பகுதி உண்டா, குளத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். படிக்க முடியாதவர் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, குளம் தேவைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைத் தூர்த்து மண் நிரப்பிச் செடி நடுவதே நல்லது. சில அங்குல நீரில்கூடக் குழந்தை இறந்துபோகும். தலை கனத்த பருவம். குப்புற விழுந்தால் எழத் தெரியாது. சத்தமும் வராது. "விழுந்தால் கத்துவான்" என்று நம்பாதீர்கள். நீர் வாயை அடைத்துவிடுகிறது.

இரண்டாவது, குளம் இருக்கத்தான் வேண்டும் என்றால் நான்கடி உயரத்துக்குக் குறையாத வேலி. கம்பிகள் நிற்கும் வாக்கில் இருக்க வேண்டும். குறுக்குக் கம்பி ஏணியாகிவிடும். இடைவெளி நான்கு அங்குலத்துக்கு மேல் ஆகாது. கதவு தானே சாத்திக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டக் கூடாது. வேலி ஓரத்தில் பூத்தொட்டியும் நாற்காலியும் போடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் வீட்டு நீச்சல் குளத்துக்கு இப்படிப்பட்ட வேலி சட்டப்படியே கட்டாயம்.

மூன்றாவது, நீருக்கு மேலே உறுதியான இரும்புக் கம்பிவலை. பிள்ளையின் பாரம் தாங்க வேண்டும். மெல்லிய வலை பொறியாகிவிடும். பிள்ளை அதில் சுற்றிக்கொள்ளும்.

நான்காவது, கரை செங்குத்தாக இல்லாமல் படிப்படியாக இருக்கட்டும். நம் ஊர் மழையில் பாசி ஏறும்; தேய்த்துக் கழுவுங்கள். பனி மூடிய காலையில் கரையே தெரியாது, வெள்ளையடித்து வையுங்கள். மின்சாரப் பம்பு இருந்தால் மின்கசிவைத் துண்டிக்கும் கருவி இல்லாமல் ஓட்டாதீர்கள். கொசு முட்டையிட விடுவதும் சட்டப்படி குற்றம். மீன் விட்டால் புழுவைத் தின்னும்.

ஐந்தாவது, குளத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பின்புறம் இருக்கும் தண்ணீர்த் தோம்பை மறந்துவிடாதீர்கள். மூடி போடுங்கள், வேண்டாத வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

ஆறாவது, ஒரு நீண்ட கம்பும் கயிறும் குளத்தருகே இருக்கட்டும். நீந்தத் தெரியாதவர் ஆழத்தில் குதிக்க வேண்டாம். கம்பை நீட்டுங்கள், வெறும் தோம்பை எறியுங்கள். தூக்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சில்லையானால் வாயோடு வாய் வைத்துச் சில மூச்சு ஊதி, பிறகு மார்பின் நடுவில் 30 முறை அழுத்தி 2 மூச்சு, மறுபடி 30, மறுபடி 2 என்று உதவி வரும்வரை செய்யுங்கள். ஒருவர் 999-க்குப் பேசட்டும். பிள்ளை கண் விழித்து அழுதாலும் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலில் புகுந்த நீர் சில மணி நேரம் கழித்தும் வேலை காட்டும்.

ஆயாக் கொட்டகையே பெரிய வேலி

இத்தனையும் சொன்னபின் முக்கியமான ஒன்று மிஞ்சி நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-இல் மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை.

குளமும் குட்டையும் நிறைந்த வங்காளதேசத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தாய் வேலையில் இருக்கும் காலை நேரத்தில்தான் குழந்தைகள் அதிகமாக விழுகின்றன என்று கண்டு, கிராமத்திலேயே ஒரு பெண்ணைப் பழக்கி, காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை சிறு பிள்ளைகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் செய்தார்கள். அந்தப் பிள்ளைகளிடையே நீரில் மூழ்கும் சாவு பெரிதும் குறைந்தது. தோழர்களே, இது என்ன? நம் ஆயாக் கொட்டகைதானே! நாம் பழமை என்று மூட விட்டதை அவர்கள் உயிர்காப்பு என்று திறக்கிறார்கள். என் குளத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிய மனிதரும் அந்த நாட்டுக்காரர்தான். அந்த நாட்டுக்கு நான் இரண்டு முறை கடன்பட்டவன்.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளைகள் பராமரிப்பிடம் பற்றிய விதி உண்டு. 1994-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், முதலாளி தம் தொழிலாளியை மட்டுமன்றித் தம் தொழிலால் ஆபத்துக்குள்ளாகக் கூடிய மற்றவரையும் காக்க வேண்டும் என்கிறது. நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கவும் சொல்கிறது. அந்தக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் உண்டு. கூட்டத்தில் தேநீர் குடித்துவிட்டு எழுந்து வருவதற்காக அவர்களை அனுப்பவில்லை.

ஆகவே இக்கிளையின் முன் மூன்று காரியம் வைக்கிறேன். முதலாவது, இந்தத் தோட்டத்திலுள்ள குளம், தொட்டி, தேக்கம் அனைத்தையும் வரும் ஞாயிற்றுக்கிழமை நடந்து சென்று கணக்கெடுப்போம். எது யார் பொறுப்பு என்று எழுதுவோம். இரண்டாவது, வேலியில்லாதவற்றின் பட்டியலைப் பாதுகாப்புக் குழு வழியாக நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் தேதியிட்டுக் கையெழுத்து வாங்குவோம். 'தெரியாது' என்று பிறகு ஒருவரும் சொல்லாதிருக்க அந்தக் கையெழுத்து உதவும். மூன்றாவது, ஆயாக் கொட்டகை வேண்டும் என்ற கோரிக்கையைச் சம்பளக் கோரிக்கைக்குப் பின்னால் ஒட்டாமல், பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.

பட்டியலின் முதல் வரியில் கிராணி வீட்டைப் போடுங்கள். இந்தத் தோட்டத்தில் என் வாசலில் குளம் இல்லை. பின்புறம் ஒரு தோம்பு உண்டு. மூடி இருக்கிறதா என்று நீங்களே வந்து திறந்து பாருங்கள்.

அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவன் தாயிடம் நான் மன்னிப்புக் கேட்ட நாளில் அவள் சொன்னது: "போவட்டுங்க ஐயா. அடுத்த புள்ளைக்காச்சும் தட்டி அடைங்க." அதற்காகத்தான் இன்று வாய் திறந்தேன்.